சதுரத்தில் தொலைந்த ஊசி

வாசகர் கேள்வி – பதில்

தங்கள் புகைப்பட இணையதளத்தின் தோற்றத்தை மாற்றி அமைக்க நினைப்பவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன. ஆறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் கேட்டதில் பாதிக்கு அதிலேயே விடை இருப்பதால்.

கேள்வி: எட்டு வருடமாகப் படம் எடுக்கிறேன், சார். என் தளத்தில் 1,400 படங்கள் இருக்கின்றன. கறுப்புப் பின்னணி, மேலே தானாக நகரும் ஐந்து படங்கள், கீழே சதுரம் சதுரமாகச் சிறுபடங்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் ‘பழசா இருக்கு’ என்கிறார்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் தள வடிவமைப்புகளில், அதாவது டெம்ப்ளேட்களில், நாற்பது பார்த்துவிட்டேன். மாதிரிப் படங்களோடு எல்லாமே அழகாக இருக்கின்றன, என் படங்களைப் போட்டால் எடுபடவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? பின்னணி கறுப்பா, வெள்ளையா?

பதில்: டெம்ப்ளேட் தேடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். அந்த நாற்பதும் அழகாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மாதிரிப் படங்களை அந்த வடிவமைப்புக்கென்றே பொறுக்கி எடுத்திருப்பார்கள். ஒரே நிறச் சாயல், ஒரே நீள அகலம், நட்ட நடுவில் ஒரு பொருள். எங்கே வெட்டினாலும் அந்தப் படங்களுக்குச் சேதமில்லை. உங்கள் படங்களுக்கு ஓரத்தில்தான் உயிர்.

மூன்று மாலை உங்கள் தளத்தோடு உட்கார்ந்தேன். பாட்டி ஊசியில் நூல் கோக்கும் படத்தையே சொல்கிறேன். சிறுபடத்தில் தெரிவது ஒரு சுவர், ஒரு தோள், சாய்ந்த தலை, அவ்வளவுதான். முதல் நாள் அதைத் தாண்டிப் போய்விட்டேன். மறுநாள் விரல் தவறிப் பட்டுத் திறந்தபோதுதான் முழுப் படம் கிடைத்தது. இடது ஓரத்தில் நீட்டிய கை, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்த ஊசி, எச்சில் தொட்டுக் கூராக்கிய நூல் முனை. ஊசிக் கண்ணுக்கும் நூலுக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடைவெளி. பாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது உதட்டில் தெரிகிறது. அகலமும் உயரமும் 3:2 என்று இருக்கும் படத்தை நடுவிலிருந்து சதுரமாக வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், பக்கத்துக்கு ஆறில் ஒன்றாக. உங்கள் ஊசி அந்த ஆறில் ஒன்றுக்குள் இருந்தது. எட்டு வருடத்தில் நீங்கள் எடுத்த மிகச் சிறந்த படம் அதுவாக இருக்கலாம். தளமோ அதை ஒரு சுவராகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

மேலே நகரும் ஐந்து படங்களும் அதே கதைதான். நான்கு விநாடிக்கு ஒருமுறை மாறுகின்றன. நீங்கள் அரை மணி காத்திருந்து எடுத்த படத்தை, கண் அதற்குள் இறங்கும் முன்பே தளம் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு படத்தின் முன்னால் பார்ப்பவரை எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறோம் என்பதைத்தான் நான் தோற்றம் என்று நினைக்கிறேன். நிறம், எழுத்துரு, மெனு எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வேலை, 1,400ஐ 60 ஆக்குவது. மற்றவற்றை அழிக்க வேண்டாம், ‘சேமிப்பு’ என்று ஒரு பக்கத்துக்குள் போகட்டும். தேர்ந்தெடுப்பதைத் திரையில் செய்யாதீர்கள். ஒரு இருநூறு படத்தை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். நான் என் தளத்தை மாற்றியபோது இதற்குப் பதினொரு நாள் ஆனது. தினமும் காலையில் போய்ச் சுற்றி நடப்பேன், இரண்டு மூன்றைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவேன். ஐந்தாம் நாள்தான் ஒரு விஷயம் உறைத்தது: எனக்குப் பிடித்தவற்றில் முக்கால்வாசி செங்குத்துப் படங்கள். அதுவரை நான் தேடிக்கொண்டிருந்த வடிவமைப்புகள் எல்லாமே கிடைமட்டப் படங்களுக்கானவை.

இது சின்ன விஷயம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாத் தூண்களும் ஒரே அகலத்தில் இருக்கும் செங்கல் அடுக்கு மாதிரியான அமைப்பில், 2:3 செங்குத்துப் படத்துக்குக் கிடைக்கும் பரப்பு 3:2 கிடைமட்டப் படத்துக்குக் கிடைப்பதைப் போல 2.25 மடங்கு. எல்லா வரிசைகளும் ஒரே உயரத்தில் இருக்கும் அமைப்பில் அப்படியே தலைகீழ். எது பெரிய படம், எது சின்னப் படம் என்பதை உங்களுக்குப் பதிலாக அந்த அமைப்பு முடிவு செய்துவிடுகிறது. கைபேசியிலும் அப்படித்தான். 390 புள்ளி அகலம், 844 புள்ளி உயரம் உள்ள திரையில் கிடைமட்டப் படம் 260 புள்ளி உயரம்தான் நிற்கும், திரையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செங்குத்துப் படம் 585 புள்ளி எடுத்துக்கொள்ளும். கணினியில் கம்பீரமாக நின்ற மலைத்தொடர் கைபேசியில் ஒரு ரிப்பனாகிவிடும். கணினியிலோ செங்குத்துப் படம் திரைக்குள் அடங்காமல் தலை தெரிந்தால் கால் தெரியாது. அதனால் படத்தின் உயரம் திரை உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டக் கூடாது என்று கட்டாயம் வரையறை வையுங்கள்.

உங்கள் படங்களுக்கு நான் சொல்வது ஒற்றைத் தூண். ஒரு படம், தாராளமான வெற்றிடம், அடுத்த படம். எங்காவது இரண்டு படங்கள் ஒன்றோடொன்று பேசினால் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாரிஸில் சலோன் என்ற பெயரில் நடந்த பழைய ஓவியக் கண்காட்சிகளில் தரையிலிருந்து கூரை வரை ஓவியங்களை நெருக்கி மாட்டியிருப்பார்கள். 1905இல் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூ 291ஆம் எண்ணில் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் தொடங்கிய சின்னஞ்சிறு அரங்கில் புகைப்படங்களைக் கண் மட்டத்தில் இடைவெளி விட்டு மாட்டினார்கள். புகைப்படத்தைக் கலையாகப் பார்க்கச் செய்ய அவர் நடத்திய போராட்டத்தில் அந்தச் சுவரின் வெற்றிடத்துக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

சரி, கறுப்பா வெள்ளையா? பிரான்ஸில் கோபெலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற மிஷேல் யூஜென் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறிப்போகச் செய்தன. அருகில் இருக்கும் நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். படத்தைச் சுற்றியுள்ள பின்னணி செய்வதும் இதுதான். உங்கள் பனிமூட்டப் படங்கள் கறுப்பின் மேல் வெள்ளி மாதிரி மினுங்குகின்றன. அதே படத்தை வெள்ளையின் மேல் வைத்தேன், மூட்டம் அழுக்குச் சாம்பலாகிவிட்டது. ஊசிப் படம் நேர்மாறு. கறுப்பில் அந்தச் சுவரின் நிழல் பின்னணியோடு கரைந்து, படம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வெள்ளையில் நான்கு விளிம்பும் நின்று, கை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. அந்தப் படத்துக்கு அது வேண்டும்.

60 படத்தில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் வெள்ளை, இளஞ்சாம்பல், அடர்சாம்பல், கறுப்பு நான்கின் மேலும் வைத்துப் பாருங்கள். பகலில் ஒருமுறை, இரவில் விளக்கணைத்து ஒருமுறை. என் கணிப்பு, உங்களுக்கு முழு வெள்ளைக்கு ஒரு படி கீழே, 0 கறுப்பு, 255 வெள்ளை என்னும் திரை அளவில் 244, 245 போல வரும். நட்ட நடுச் சாம்பல், அதாவது 118 பக்கம் போகாதீர்கள். படம் அதன் மேல் நன்றாகவே இருக்கும். எழுத்துதான் சிக்கல். எளிதாகப் படிக்க எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல். அந்தச் சாம்பலின் மேல் கறுப்பும் சரி, வெள்ளையும் சரி, அந்த எல்லையைத் தொட்டும் தொடாமலும்தான் நிற்கின்றன. நாலு வரி படிப்பதற்குள் கண் அசந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இத்தனை வருடம் கறுப்புத் திரையில் படங்களைச் சீர்செய்திருக்கிறீர்கள். சுற்றிலும் இருட்டாக இருந்தால் படம் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும், கை தானாக அதை இருட்டாக்கிவிடும். பின்னணியை வெளுப்பாக்கிய அன்று படங்கள் எல்லாம் மங்கிப்போன மாதிரி தெரியும். பயப்படாதீர்கள். படங்களைச் சீர்செய்யும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் படத்தைச் சுற்றியுள்ள இடத்தில் வலது கிளிக் செய்தால் அந்த நிறத்தை மாற்றலாம். வெள்ளையாக்கி வைத்துக்கொண்டு 60 படத்தையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை, அதற்குமேல் இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு டெம்ப்ளேட் தேடுங்கள். நாற்பதில் முப்பத்தெட்டு தானாகக் கழன்றுவிடும்.

கேள்வி: என் பறவைப் படங்களில் நடுவில் பெரிதாகப் பெயர் போட்டிருக்கிறேன். வலது கிளிக்கையும் பூட்டிவிட்டேன். புதிய தோற்றத்திலும் இது தேவையா?

பதில்: தேவையில்லை. திரைப்பிடிப்பு எடுப்பவரை வலது கிளிக் பூட்டு தடுக்காது. நடுவில் போடும் பெயர், திருடாத நூறு பேரையும் சேர்த்துத் தண்டிக்கிறது. மீன்கொத்தியின் கண்ணுக்கு மேல் உங்கள் பெயரின் கடைசி எழுத்து விழுந்திருப்பதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. நீண்ட பக்கம் 2,048 பிக்சலுக்குமேல் ஏற்றாதீர்கள், பெரிய அளவில் அச்சிட அது போதாது. கோப்பின் உள்ளே இருக்கும் காப்புரிமைக் குறிப்பில் பெயரை எழுதுங்கள். அப்புறம், கூடு இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பைக் கோப்பிலிருந்து மறக்காமல் நீக்குங்கள். உங்கள் பெயரைவிடப் பாதுகாக்க வேண்டியது அது.

கேள்வி: கணினியில் பளிச்சென்று இருக்கும் செம்பருத்திச் சிவப்பு, தளத்தில் ஏற்றியதும் சோகையாகிவிடுகிறது. தளத்தின் வடிவமைப்பையே மாற்ற வேண்டுமா?

பதில்: வடிவமைப்பின் மேல் பழி இல்லை. ஒரு கோப்பில் எந்தெந்த நிறங்கள் அடங்கும் என்று வரையறுக்கும் அளவுகோலை நிறவெளி என்பார்கள். நீங்கள் அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில் கோப்பைச் சேமித்திருக்கிறீர்கள். ஏற்றும்போது கோப்போடு ஒட்டியிருக்கும் நிறக் குறிப்பு உதிர்ந்துபோயிருக்கும். குறிப்பு இல்லாத கோப்பைப் பெரும்பாலான உலாவிகள் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து திரைகளுக்காக முன்வைத்த அளவுகோல் அது, இணையத்தின் பொது மொழி. எக்ஸ்போர்ட் செய்யும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, நிறக் குறிப்பையும் உள்ளே வைத்து அனுப்புங்கள். சிவப்பு திரும்பிவிடும்.

கேள்வி: படத்தின் மீதே குறிப்பு எழுதினால் நவீனமாக இருக்கும் என்கிறாள் என் மகள். தமிழ் எழுத்து அங்கே நெருக்கமாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், படத்தின் மீது எழுத வேண்டாம். எழுத்து தெரிய வேண்டும் என்று படத்தின் கீழ்ப்பாதியைக் கறுப்பாக மங்கச் செய்வார்கள். அங்கே நீங்கள் எடுத்த வெளிச்சம் போய்விடும்.

1938இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் வெளியிட்ட வாக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக் கலைஞரின் படப் புத்தகத்தில் வலப்பக்கம் ஒரு படம், எதிரே வெறும் தாள். குறிப்புகள் எல்லாம் ஒவ்வொரு பகுதியின் முடிவில் மொத்தமாக வரும். முதலில் பார், பிறகு படி. அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. படத்துக்குக் கீழே இரண்டு வரி இடைவெளி விட்டு, சின்ன எழுத்தில் வைத்தால் போதும்.

தமிழ் எழுத்து நெருக்கமாகத் தெரிவதற்கு வரி இடைவெளிதான் காரணம். ஆங்கில எழுத்துக்கு வைத்த அளவை அப்படியே விட்டிருப்பார்கள். நம் எழுத்தில் ‘மூ’, ‘ழூ’ கீழே இறங்கும், ‘கீ’, ‘தி’ மேலே ஏறும், இரண்டும் அடுத்தடுத்த வரியில் இடித்துக்கொள்ளும். எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வரி இடைவெளி கொடுத்துப் பாருங்கள், மூச்சு வரும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டாதீர்கள். நம் சொற்கள் நீளம் என்பதால் கைபேசியில் வரிக்கு இரண்டு சொல்லும் நடுவில் ஒரு பள்ளமுமாக நிற்கும். இடப்பக்கம் ஒட்டி, வலப்பக்கம் தன்போக்கில் விடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டையும் முயலலாம், இரண்டும் இலவசம். அடர்நிறப் பின்னணி என்றால் தடித்த எழுத்து வேண்டாம், சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

ஒன்று விட்டுப்போயிற்று. கண்ணுக்குத் தெரியும் குறிப்போடு, படத்தின் மாற்று உரையையும் எழுதுங்கள். பார்வையில்லாத வாசகருக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டுவது அதைத்தான். அங்கே ‘படம் 37’ என்று வராமல் ‘மழையில் நனைந்த சைக்கிள், இருக்கையின் மேல் ஒரு குருவி’ என்று வரட்டும்.

கேள்வி: புதிய அமைப்புக்கு மாறியபின் பக்கம் ஏற நேரமாகிறது. படிக்கத் தொடங்கினால் எழுத்து திடீரென்று கீழே குதிக்கிறது. அதோடு, பழைய பக்கங்களின் முகவரி மாறினால் பரவாயில்லையா?

பதில்: குதிப்பதற்குக் காரணம், படம் வரும் முன்பே அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று உலாவிக்குத் தெரியாதது. ஒவ்வொரு படத்துக்கும் அகல உயர எண்களைக் குறிப்பிட்டால் நின்றுவிடும். 6,000 × 4,000 பிக்சல் கோப்பை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். நீண்ட பக்கத்தை 2,048ஆகச் சுருக்கி, நூற்றுக்கு 80 தரத்தில் ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கும். கைபேசிக்கு 1,200 பிக்சலில் இன்னொரு பிரதி இருக்கட்டும். கீழே உள்ள படங்கள் தேவைப்படும்போது மட்டும் ஏறும்படி வைப்பது நல்லது, ஆனால் முதல் படத்துக்கு அந்தச் சோம்பல் ஏற்றம் கூடாது.

முகவரி விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், கவனமாக இருங்கள். என் தளத்தை மாற்றிய இரவில், பழைய முகவரிகள் அசிங்கமாக இருக்கின்றன என்று எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஆசிரியர் எழுதினார். நிழலைப் பற்றிய பாடத்துக்கு ஐந்து வருடமாக என் படம் ஒன்றின் இணைப்பைத்தான் மாணவர்களுக்குக் கொடுத்துவந்தாராம். அன்று வகுப்பில் திறந்தால் ‘பக்கம் இல்லை’ என்று வந்திருக்கிறது. அப்படி ஒருவர் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அன்றிரவே உட்கார்ந்து, பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு 301 என்னும் நிரந்தர வழிமாற்றைப் போட்டேன். முந்நூற்றுச் சொச்சம் வரி. நீங்கள் மாற்றுவதற்கு முன்பே அந்தப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முகவரியைத் தொடாமலே விடுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அவருடைய 6×6 (ஆறு சென்டிமீட்டர் சதுர) நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து ஒரு தளம் அமைத்திருக்கிறேன். பழைய காலத்து உணர்வு வர வேண்டும் என்று கசங்கிய காகிதப் பின்னணி, பழுப்பு நிறம், மூலைகளில் ஒட்டு எல்லாம் வைத்தேன். ஏனோ மனசுக்கு ஒட்டவில்லை. ஒரு படத்தில் அம்மா நிற்கிறார், கீழே அப்பாவின் நிழல் தரையில் விழுந்திருக்கிறது. அதை வெட்டிவிட்டால் படம் சுத்தமாக இருக்கும் என்று சித்தப்பா சொல்கிறார்.

பதில்: மனசுக்கு ஒட்டாததற்குக் காரணம் அந்தக் காகிதம் அப்பாவுடையது இல்லை என்பதுதான். யாரோ வரைந்த கசங்கல், யாரோ கலக்கிய பழுப்பு. அவருடைய நெகட்டிவில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நான்கிலும் பார்த்தேன், அம்மாவின் புடவைக் கரையில் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. பழுப்பேற்றினால் அந்த இழைகள்தான் முதலில் போகும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெளிர் பின்னணி, சதுரப் படம், கீழே அவர் கவரின் மேல் எழுதிவைத்திருக்கும் தேதி. போதும்.

இங்கே சதுரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் பார்த்ததே சதுரமாகத்தான். 120 என்னும் வகை ஃபிலிம் சுருளில் 6×6 என்றால் ஒரு சுருளுக்குப் 12 படம். நல்ல படங்களை மட்டும் பொறுக்கி அடுக்குவதைவிட, ஒரு பக்கத்துக்கு ஒரு சுருள் என்று 12ஐயும் அவர் எடுத்த வரிசையிலேயே வைக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் கடிதக்காரருக்கு நான் சொன்னதற்கு இது நேர் எதிர் என்று எனக்குத் தெரியும். அவர் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார், தேர்ந்தெடுப்பது அவர் வேலை. உங்கள் அப்பா தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார். எட்டாவது படத்தில் அசைந்துவிட்ட அம்மா, ஒன்பதாவதில் சிரித்துக்கொண்டே மறுபடி நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அசைந்த படத்தை எடுத்துவிட்டால் அந்தச் சிரிப்பு எதற்கென்று பார்ப்பவருக்குத் தெரியாது.

நிழலை வெட்டாதீர்கள். இடுப்பருகே கேமராவைப் பிடித்துக் குனிந்து பார்க்கும் ஆளின் நிழல் அது. முழங்கைகள் இரண்டும் வெளியே நீட்டியிருக்கின்றன, தலை அம்மாவின் காலடி வரை போகிறது. அத்தனை சுருளிலும் அவர் விழுந்திருக்கும் ஒரே படம் அதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தளத்தைத் திறந்ததும் முதலில் அந்தப் படம் வரட்டும்.